கோயில் ஆம்ப்ல வந்த வெள்ளக்காரன் சத்தம்

எனக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. மொதல்லயே சொல்லிடறேன். அப்புறம் இதப் படிச்சிட்டு "அண்ணே, ஒரு பாட்டு வாசிங்க"ன்னு யாரும் வந்து நிக்கக் கூடாது. பேண்டுல நான் இருந்தேன், அது உண்ம. ஆனா என் வேல ஆம்ப, அதான் ஆம்ப்ளிஃபயர் பொட்டிய, தூக்குறது, வயர சுத்துறது, ஆளு பத்தலன்னா ஓரமா நின்னு ஜல்ஜல்னு தாம்பரீன் ஆட்டுறது. அதையும் ஒழுங்கா ஆட்டுனதில்ல. ஒரு கல்யாணத்துல முன் வரிசையில ஒக்காந்திருந்த ஆன்டி, "அந்தப் பையன் சட்டைக்குள்ள எறும்பு பூந்துருச்சா?"ன்னு கேட்டுச்சாம். பள்ளிக்கூடமும் அப்படித்தான். ஆறாவதோட நின்னுட்டேன். எனக்கும் நிம்மதி, வாத்தியாருக்கு என்னை விட நிம்மதி.

கிட்டார் வாசிச்சது எங்க அண்ணன். பகல்ல இங்க மலேசியாவுல, கிள்ளான்ல ஒரு தகர ஃபேக்டரியில பிஸ்கட் டின் அடிக்கிற மெஷின்ல நிக்கும். அப்பா போனதுக்கு அப்புறம் வீட்டத் தூக்குனது அதுதான். சாயங்காலம் வந்து, குளிச்சி, ஒரு டீ குடிச்சிட்டு கிட்டார எடுத்து மடியில வச்சிக்கும். ஜப்பான்காரன் காப்பி கிட்டார், சிவப்பு கலரு, கழுத்து லேசா வளைஞ்சது. நாள் பூரா மெஷின் முன்ன குனிஞ்சி நின்னு அண்ணனும் லேசா வளைஞ்சிதான் இருக்கும். ரெண்டும் நல்ல பொருத்தம்.

எழுபதுகளோட கடைசி அது. கல்யாணத்துக்குக் கல்யாணம் சினிமா பாட்டு வாசிச்சிட்டிருந்த எங்க அண்ணனுக்கு ஒரு கேசட்டு வந்து வாச்சுது. பாசார் மாலாம்ல, ராத்திரி சந்தையில, ஒரு சீனன் மேசையில பரப்பி வச்சி விப்பான் பாருங்க, கள்ள கேசட்டு, அதுல ஒண்ணு. உள்ள ஒரு வெள்ளக்காரன் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறான். பேரு சொன்னா எல்லாருக்கும் தெரியும். நான் சொல்லப் போறதில்ல. என் வாயில அந்தப் பேரு வந்தா அவனே கோவிச்சுக்குவான்.

ஒரு பாட்டோட கடைசியில அவன் தனியா ஒரு வாசிப்பு வாசிப்பான். அண்ணன் அதத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, ஒவ்வொரு நோட்டா புடிச்சி, விரலுக்குக் கொண்டு வந்துருச்சு. நம்ம காதுக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான். ஆனா அண்ணன் திருப்திப்படல.

"நோட்டு வந்துருச்சுடா. சத்தம் வரல."

"ரெண்டும் வேற வேறயாண்ணே?"

"உன் குரல்ல ஒருத்தன் என் வசனத்த பேசுனா அது நான் பேசுனதாடா? டோனு வரணும். அந்த டோனு என் கையில இருந்து வரணும். ஒரே ஒரு தடவ வந்தா போதும்."

நான் சிரிச்சேன். அண்ணன் சிரிக்கல.

அப்புறம் ஆரம்பிச்சுது கூத்து. பழைய புக்கு கடையில ஒரு இங்கிலீஷ் மேகசின்ல அந்த வெள்ளக்காரன் மேடையில நிக்கிற படம் கெடச்சுது. அவன் பின்னால ஆம்பு, அலமாரி சைஸுல, ஒண்ணு மேல ஒண்ணு. கால் கிட்ட நாலஞ்சு பெடலு. அந்தப் படத்த அண்ணன் செவுத்துல ஒட்டி வச்சிருச்சு. அண்ணி கல்யாணமாகி வந்த புதுசு. சாமி படத்துக்குப் பக்கத்துல சட்ட போடாத ஒருத்தன் நிக்கிறதப் பாத்துட்டு, "இவரு யாரு, உங்க பெரியப்பாவா?"ன்னு கேட்டுச்சு. நான் ஆமான்னுட்டேன். ரெண்டு நாளு அண்ணி அதுக்கும் சேத்து ஊதுபத்தி காட்டுச்சு.

அலமாரி ஆம்புக்கு நாங்க எங்க போறது? நான் அப்ப ஒரு மைக் செட்டுக்காரர் கிட்ட வேல. கோயில் திருவிழா, சாவு வீடு, எல்லாத்துக்கும் ஒலிபெருக்கி கட்டுவோம். அவரு ஸ்டோர்ல ஒரு பழைய வால்வு ஆம்பு கெடந்துச்சு. வருஷக்கணக்கா அம்மன் பாட்டு பாடி ஓஞ்சி போனது. "தூக்கிட்டுப் போ லா, எடம் அடைக்குது"ன்னாரு. லோரியில ஏத்திட்டு வந்தேன். அண்ணன் தொறந்து, தூசி தட்டி, ஒண்ணு ரெண்டு வால்வு மாத்தி, கொழா ஸ்பீக்கருக்குப் பதிலா பெரிய பேப்பர் ஸ்பீக்கர ஒரு பலகப் பொட்டியில அடிச்சி சொருகுச்சு. சத்தத்த கரகரன்னு ஒடைக்கிற பெடலையும் அதுவே ஈயம் வச்சி ஒட்டி செஞ்சது. ரேடியோ கடை அப்பேக், சீனக் கெழவன், ஒரு காகிதத்துல படம் வரைஞ்சு குடுத்தான். பெடலுக்கு மேல் பொட்டி என்ன தெரியுமா? அண்ணன் மெஷின்ல அடிச்ச பிஸ்கட் டின்னு. மூடியில ரோஜாப்பூ படம். உலகத்துலயே ரோஜாப்பூவ மிதிச்சி ராக் வாசிச்சது எங்க அண்ணன் ஒருத்தரு தான்.

ஞாயித்துக்கெழம மத்தியானம் பின்னால சமையல்கட்டுல வச்சி டெஸ்டிங். அண்ணன் ஒரு வரி வாசிக்கும், கேசட்ட ஒரு வரி போடும், குமிழ ஒரு இழை திருப்பும், மறுபடி வாசிக்கும். சும்மா ஒக்காந்திருக்க எனக்கு வாய் அரிக்கும். டோனு பத்தி எனக்கு என்ன தெரியும்? தெரிஞ்சது சோறுதான்.

"அண்ணே, மொளகா கூடிப்போச்சு."

"எங்கடா?"

"அந்த மேல் சத்தம். நாக்கு எரியுது. இப்ப பாரு, புளித்தண்ணி. சாம்பாரா இருக்கு. நண்டு கொழம்பு மாதிரி கெட்டியா வரணும்."

அண்ணன் தலையில அடிச்சிக்கும். ஆனா மொளகான்னு நான் சொன்ன குமிழத்தான் கொறைக்கும். அண்ணி வாசல்ல நின்னு, "வாசிக்கிறது கிட்டாரா, மெனுவா?"ன்னு கேக்கும்.

அண்ணனுக்குக் காது போறது மொதல்ல எங்களுக்குத் தெரியல. தெரிஞ்ச விதம் இப்படி. ஒரு நாளு அண்ணன் சாப்புட்டுட்டே அண்ணியப் பாத்து, "ஏன் கொலுசக் கழட்டிட்ட?"ன்னு கேட்டுச்சு. அண்ணி கொலுசோட தான் நின்னுச்சு. கால ஒரு தட்டு தட்டி காட்டுச்சு. "இந்தா இருக்கே." அண்ணன் அந்தக் காலயே பாத்துட்டிருந்துச்சு. நான் வழக்கம் போல, "அண்ணிக்கு வெயிட்டு கூடிப்போச்சு, கொலுசு நசுங்கி வாய மூடிக்கிச்சு"ன்னு சொல்லி சிரிச்சேன். அண்ணி ஒரு தடவ தட்டுச்சு, இன்னொரு தடவ தட்டுச்சு. அண்ணன் சோத்த பெசஞ்சிட்டே இருந்துச்சு, வாய்க்குக் கொண்டு போகல. அதுக்கப்புறம் நான் சிரிக்கல.

பெரியாஸ்பத்திரியில டாக்டர் காதுல மெஷின மாட்டி, சத்தம் கேட்டா கைய தூக்குன்னாராம். அண்ணன் கைய தூக்காமலே ரொம்ப நேரம் ஒக்காந்திருந்துச்சு. நான் கண்ணாடி வழியா பாத்துட்டிருந்தேன். மேல் சத்தமெல்லாம் போயிருச்சு, போனது திரும்பாது, இப்படியே ஃபேக்டரி மெஷின் பக்கத்துல நின்னா மிச்சமும் போயிரும்னு டாக்டர் சொன்னாரு. வேலைய விட முடியுமா? அண்ணி சாமி வெளக்குக்கு வச்சிருந்த பஞ்ச உருட்டி காதுல வச்சிக்கிட்டு அண்ணன் போச்சு. ஃபேக்டரியில எல்லாரும் "என்ன பாஸ், பொணம் மாதிரி பஞ்சு வச்சிட்டு வர்ற?"ன்னு கேலி பண்ணாங்க. ஆனா மெஷின மட்டும் கொற சொல்றது ஞாயம் இல்ல. அந்த கோயில் ஆம்ப சமையல்கட்டுல முழுசா தொறந்து விட்டு ஒக்காந்தோமே, அதுவும் தான் காதத் தின்னுச்சு. பாதி அது, பாதி இது.

பஸ்ஸுல வரும்போது அண்ணன் சொல்லுச்சு, "டேய், காது இருக்கும்போதே அந்த டோனு வந்துரணும்டா."

"வரும்ண்ணே."

"வந்தா எனக்குக் கேக்கணும். அப்புறம் வந்து என்ன பிரயோஜனம்?"

இதுல ஒரு பெரிய கோமாளித்தனம் நடந்துச்சு. அந்தக் கேசட்டுக்குக் கிட்டார சுதி சேத்தா எப்பவும் ஒட்டாது. எங்க கிட்டார விட அவன் கொஞ்சம் மேல இருப்பான். அதனால அண்ணன் கம்பிய முறுக்கி மேல ஏத்தி வச்சிருச்சு. கம்பி பட்டு பட்டுன்னு அறுந்து போவும். ஒரு தடவ என் கன்னத்துல அடிச்சி கோடு போட்டுருச்சு. கம்பி அறுவுதேன்னு மெல்லிசு கம்பி மாத்துச்சு. மெல்லிசு கம்பிக்கு ஏத்த மாதிரி ஆம்புல அடிச்சத்தத்தக் கொறச்சி, மேல் சத்தத்த ஏத்துச்சு. பெடல்ல ஒரு சாமானக் கழட்டி வேற போட்டுச்சு. "வெள்ளக்காரன் கம்பிய இப்படித்தான் இறுக்கி வச்சிருப்பான்"னு அண்ணன் சொல்லும். "ஆமாண்ணே, அவன் மாட்டுக்கறி சாப்புடுறான், விரலு தாங்கும்"னு நான் சொல்வேன். ரெண்டு அறிவாளிங்க.

அப்படி ஒரு வருஷத்துக்கு மேல போச்சு. கேசட்டுல இருக்குற சத்தம் கிட்டத்தட்ட வந்துருச்சு. கண்ணாடியில கீறுனாப்ல மெல்லிசா, கூர்மையா.

அந்த சமயம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு கல்யாண விருந்து. சாப்பாட்டு நேரத்துல அண்ணன் அந்த வாசிப்ப லேசா எடுத்து விட்டுச்சு. நெத்தியில திருநீறு, பேண்ட் சட்டை, ஒரு வயசான அங்கிள் விறுவிறுன்னு மேடைக்கு வந்தாரு. யாழ்ப்பாணத்துக்காரர், கவர்மெண்டுல இருந்து ரிட்டயரானவர். சத்தத்தக் கொறைக்கச் சொல்லத்தான் வர்றாருன்னு நான் ஓடிப்போய் ஆம்புக்கு முன்ன மறைச்சி நின்னேன்.

"தம்பி, இதை ஏன் அரைக் கட்டை கூட்டி வாசிக்கிறீர்?"

அண்ணனுக்குச் சரியா கேக்கல. நான் காதுகிட்ட கத்தினேன். அண்ணன், "அவன் அப்படித்தான் அங்கிள் வாசிக்கிறான்"னுச்சு.

"ஆர் சொன்னது? மகன் லண்டனிலயிருந்து அனுப்பின இசைத்தட்டு வீட்டில கிடக்கு. என்ர பியானோவோட சரியாப் பொருந்துது. நாளைக்கு வந்து கேளும்."

போனோம். பக்கத்துத் தெருவுலதான் வீடு. வழுவழுன்னு சிமெண்டு தரை, செருப்ப எங்க கழட்டுறதுன்னே தெரியல. நான் தட்ட எடுத்துப் பாக்கப் போனேன். "கையைத் துடைச்சுப்போட்டுத் தொடும்"னாரு. தொடைச்சேன். அப்புறமும் தொட விடல.

ஊசி எறங்குச்சு. அண்ணன் ஸ்பீக்கர் துணியில காத வச்சி குந்தி ஒக்காந்துச்சு.

அது வேற சத்தம். வேற ஆளு. கண்ணாடியும் இல்ல, கீறலும் இல்ல. தொண்டை அடைச்சிப்போன ஒருத்தன் மெதுவா பேசற மாதிரி, கனமா, கீழ, சூடா இருந்துச்சு. எங்க கேசட்டு சீனன் சீக்கிரம் காப்பி எடுக்க, பாட்டு ஓடுற மெஷின மட்டும் வேகமா ஓட விட்டிருக்கான். வேகம் கூடுனா சுதியும் ஏறுமாம், சத்தமும் மெல்லிசாயிருமாம், அங்கிள் சொன்னாரு. காப்பியோட காப்பியோட காப்பி வேற. நாங்க ஒரு வருஷமா, கம்பிய அறுத்துக்கிட்டு, கன்னத்துல கோடு போட்டுக்கிட்டு, தேடுனது அந்த வெள்ளக்காரன் டோன இல்ல. பாசார் மாலாம் மெஷினோட டோன.

நான் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கணும். இந்த மாதிரி கேலி ஒரு ஜென்மத்துக்கு ஒரு தடவ தான் கெடைக்கும். அண்ணன் மூஞ்சியப் பாத்தேன்.

அண்ணன் எந்திரிக்கவே இல்ல. அங்கிள் இன்னொரு தடவ போட்டாரு. அப்புறம் அண்ணன் கேட்டுச்சு, "அங்கிள், இதுல மேல் சத்தம் இருக்கா?"

"இருக்கு தம்பி. மெல்லிய வெள்ளிக் கம்பி மாதிரி மேல போகுது."

"எனக்கு அது வரல. கீழ இருக்குறது தான் வருது."

அங்கிள் ஊசிய எடுத்தாரு. உள்ள போய், புதுசா ஒரு கேசட்டுல அந்தப் பாட்ட நல்ல வேகத்துல எடுத்துக் குடுத்தாரு.

திரும்பி வந்து எல்லாத்தையும் பிரிச்சிப் போட்டோம். கம்பிய எறக்கி, தடிச்ச கம்பி மாத்தி, பெடல மறுபடி ஒட்டி, மொதல்ல இருந்து. ஆனா ஒரு வருஷத்துக்கு முன்ன இருந்த காது இப்ப இல்லையே. இப்ப அண்ணனுக்குக் காது நான் தான். உலகத்துல வேற ஆளே கெடைக்கல பாருங்க. தாம்பரீன் ஆட்டத் தெரியாதவன் காத நம்பி ஒருத்தன் டோன் தேடுறான்.

முன்ன நான் சோத்து பாஷையில பேசினது சும்மா வாயடிக்க. இப்ப அண்ணன் அதையே கேட்டுச்சு. "மொளகா எப்படிடா?" "உப்பு?" "அடிப்புடிக்குதா?" நான் கண்ண மூடி கேட்டு, ஒழுங்கா பதில் சொல்வேன். வாழ்க்கையில மொதல் தடவ ஒரு வேலைய ஒழுங்கா செஞ்சேன். ஒவ்வொரு வாட்டியும் கடைசியில அண்ணன் என் வாயப் பாக்கும்.

"வந்துருச்சா?"

"இல்லண்ணே."

பொய் சொல்லலாம். சொன்னா அன்னிக்கு ராத்திரி அது நிம்மதியா தூங்கும். சொல்லல. காது கேக்காதவன் கிட்ட காத பத்தி பொய் சொல்ற அளவுக்கு நான் பெரிய ஜோக்கர் இல்ல. "இல்லண்ணே, இன்னும் தொண்டை அடைக்கல." "இல்லண்ணே, கிட்ட வந்துச்சு, போயிருச்சு." மாசக்கணக்கா இல்ல, இல்ல, இல்ல. அதுக்குள்ள அண்ணனுக்குக் கீழ் சத்தமும் கரைய ஆரம்பிச்சிருச்சு. நான் பேசுனா ஒதட்டப் பாத்து தான் புரிஞ்சிக்கும். மீசைய எடுத்துருன்னுச்சு. எடுத்தேன். சப்பையா தெரிஞ்சேன், ஆனா பேச்சு தெளிவா தெரிஞ்சுதாம்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழம. அண்ணி பிரசவத்துக்கு பந்திங்ல அம்மா வீட்டுக்குப் போயிருந்துச்சு. பக்கத்து வீட்டு ஆளுங்களும் எங்கயோ கல்யாணம். நானும் அண்ணனும் தான். ஆம்பு நல்லா சூடேறி வால்வெல்லாம் செவந்திருந்துச்சு. அண்ணன் எதையோ ஒரு குமிழ தொட்டுச்சு, கிட்டார்லயும் ஒண்ண லேசா கொறச்சிச்சு. வாசிக்க ஆரம்பிச்சுது.

மூணாவது நோட்டுலயே என் முதுகு கூசுச்சு. அந்த ஆளு வந்து எங்க சமையல்கட்டுல நிக்கிறான். தொண்டை அடைச்சிக்கிட்டு பேசறான். மேல அங்கிள் சொன்ன வெள்ளிக் கம்பியும் போவுது, அறுவாம போவுது. என்ன மாதிரின்னு சொல்ல எந்தக் கொழம்பும் வாயில வரல. அண்ணன் கண்ண மூடி, கடைசி நோட்டு வரைக்கும் ஒரு தப்பு இல்லாம வாசிச்சு முடிச்சுது. அந்தக் கடைசி நோட்டு நின்னுட்டே இருந்துச்சு.

கண்ணத் தொறந்து என் வாயப் பாத்துச்சு. "வந்துருச்சா?"

"வந்துருச்சுண்ணே."

"வெளையாடாதடா."

"அண்ணே, சத்தியமா. அதே சத்தம். அவனே தான்."

என் கண்ணுல தண்ணி கொட்டுது. எனக்கே தெரியல. நான் அழுதா சிரிக்கிற மாதிரி இருக்கும், சிரிச்சா அழுற மாதிரி இருக்கும், ஆண்டவன் குடுத்த மூஞ்சி அப்படி. அண்ணன் என் மூஞ்சிய ரொம்ப நேரம் பாத்துச்சு. அதுக்குக் கோவம் வரல. அப்படியே இளகிப் போச்சு.

"அழாதடா. பரவால்ல."

"இல்லண்ணே, நெசமாலும்..."

"எனக்காக சொல்ற. தெரியுதுடா. பரவால்ல. நல்லா தான் முயற்சி பண்ணோம்."

நான் வேகமா பேசறேன், அழுதுக்கிட்டு பேசறதுல ஒதடு கோணுது, அதுக்கு ஒண்ணும் புரியல. திரும்பி ஆம்ப அணைக்கப் போச்சு. மைக் செட்டு வேலையில ஒரு பழக்கம், ஆம்ப அணைக்கும் முன்ன எல்லாக் குமிழையும் சைபருக்குக் கொண்டு வரணும். இல்லன்னா அடுத்த தடவ போடும்போது டொம்முன்னு ஸ்பீக்கர் கிழியும். அண்ணனுக்கு அதச் சொல்லிக் குடுத்தவனே நான் தான். ஒவ்வொரு குமிழா, பொறுமையா, சைபருக்குத் திருப்புச்சு. கிட்டார்ல இருந்த ரெண்டையும் திருப்புச்சு. நான் பாஞ்சி கையப் புடிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி போச்சு. எது எங்க நின்னுச்சுன்னு நான் பாக்கல. அழுதுட்டிருந்தேன் லா, எங்க பாக்குறது?

அடுத்த வாரம் நான் தான் கெஞ்சினேன், வாண்ணே, இன்னொரு தடவ. வந்து ஒக்காந்துச்சு, எனக்காக. எல்லாக் குமிழையும் திருப்பிப் பாத்தோம். கிட்ட கூட வரல. "இல்லண்ணே"ன்னு நான் சொன்னேன். அத மட்டும் உடனே நம்புச்சு.

கிட்டார மூடி வச்சிருச்சு. புள்ள பொறந்து வீட்டுக்கு வந்தப்புறம் அண்ணனுக்கு வேற சத்தத்தப் பத்தி கவல. ராத்திரியில புள்ள அழுதா தெரியணுமேன்னு தொட்டில் கயித்த தன் கையில கட்டிக்கிட்டு படுக்கும்.

இப்ப அதுக்குக் காதுல ஒரு மெஷின் இருக்கு. பேச்சு கொஞ்சம் கேக்கும், பாட்டு கேட்டா தகரம் உருள்ற மாதிரி இருக்குங்குது. நான் போகும்போதெல்லாம் சொல்றேன். "அண்ணே, அன்னிக்கு வந்துச்சுண்ணே. நெசமா வந்துச்சு." சின்னப் புள்ள கத சொன்னா பெரியவங்க தலையாட்டுவாங்களே, அந்த மாதிரி தலையாட்டும். அண்ணிய கூப்புட்டு, "பாரு, இன்னும் எனக்காக பொய் சொல்றான்"னு சொல்லி என் தோள்ல தட்டும். "நல்ல தம்பிடா நீ."

எத்தனையோ பேரு கிட்ட எத்தனையோ புளுகி நல்ல பேரு வாங்கியிருக்கேன், எல்லாத்தையும் வெக்கமில்லாம வச்சிக்கிட்டேன். இந்த நல்ல பேரு மட்டும் வேணாம்ண்ணே. திட்டு, அடி, என்ன வேணா பண்ணு. அந்தச் சத்தத்த வாசிச்சது நீ.